பாட்டியின் குரலுக்கு எந்த மென்பொருள்?

இலவசமாகக் கிடைக்கும் ஒலிப்பதிவு மென்பொருள்களில் எது சிறந்தது என்று நண்பர்கள் கேட்டால், “எதைப் பதிவு செய்யப் போகிறீர்கள்?” என்றுதான் நான் முதலில் கேட்பேன். பாட்டுக்கு இசை அமைப்பவருக்கும், பள்ளிக்காக வலையொலி தயாரிப்பவருக்கும், வீட்டு மூத்தோரின் பேச்சைச் சேமிப்பவருக்கும் தேவை ஒன்றல்ல.

என் தேவை மூன்றாவது வகை. என் பாட்டிக்கு வயது 82. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பால்மரம் வெட்டப் போனவர். பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, தண்டல், கிராணி என்று அவர் பேச்சில் இயல்பாக வரும் சொற்களை நான் பாடநூலில் படித்ததில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டும் படித்த எனக்கு, அவற்றில் பாதிக்கு அவரிடம் கேட்டுத்தான் பொருள் தெரிந்தது. அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அதனால், கடந்த செமஸ்டர் விடுமுறையில் அவரைப் பேச வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினேன். இதுவரை ஆறு மணி நேரப் பேச்சு சேர்ந்திருக்கிறது.

கைப்பேசி போதாதா?

பதிவு செய்யக் கைப்பேசி போதும். நானும் ஒரு காலர் மைக்கைக் கைப்பேசியில் செருகித்தான் பதிவு செய்கிறேன். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. எந்த நிமிடத்தில் எதைப் பற்றிப் பேசினார் என்று குறிக்க வேண்டும். மின்விசிறி இரைச்சலைக் குறைக்க வேண்டும். பல ஊர்களில் இருக்கும் அத்தை, சித்தப்பா குடும்பங்களுக்கு அனுப்ப வேண்டும்.

மாதச் சந்தா கேட்கும் மென்பொருளில் இதைச் செய்தால், சந்தா நின்றபின் என் கோப்புகள் என்னவாகும் என்பதை அந்த நிறுவனம்தான் முடிவு செய்யும். இன்னும் முப்பது ஆண்டு கழித்தும் என் வீட்டார் கேட்க வேண்டிய குரலுக்கு அது சரிப்படாது. எனவே திறந்த மூல மென்பொருளை மட்டும் தேடினேன். இத்தகைய மென்பொருளின் மூலநிரல் எல்லார் பார்வைக்கும் திறந்திருக்கும். யாரும் அதைப் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

மூன்றும் மூன்று விதம்

முதலில் எல்எம்எம்எஸ். தாளம், மெட்டு, மின்னிசைக் கருவிகள் கொண்டு பாட்டு உருவாக்க விரும்புவோருக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் இதன் 1.2 பதிப்பில் மைக் வழியாக நேரடியாகக் குரலைப் பதிவு செய்யும் வசதி இல்லை. எனவே என் வேலைக்கு இது பொருந்தவில்லை.

அடுத்தது ஆர்டோர். பால் டேவிஸ் என்ற நிரலாளர் தொடங்கிய இது, ஒலிப்பதிவுக்கூடத்தில் செய்யும் வேலைக்கு ஏற்றது. மிருதங்கம், வயலின், குரல் என ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்தில் பதிந்து, அளவு பார்த்துக் கலக்கலாம். இதன் மூலநிரல் இலவசம். ஆனால் அதன் இணையத்தளத்தில் உடனே நிறுவும் வகையில் தயாராக உள்ள பதிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டணமில்லாத சோதனைப் பதிப்பில் பத்து நிமிடத்தில் ஒலி நின்றுவிடும். இசைக்குழு வைத்திருக்கும் மாணவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே ஒருவர் பேசும் பதிவுக்கு இவ்வளவு தேவையில்லை.

மூன்றாவதான ஒடாசிட்டியைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பெர்க் இருவரும் 1999இல் தொடங்கிய மென்பொருள் இது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். என் பழைய மடிக்கணினியிலும் திணறாமல் ஓடுகிறது. திரையில் வரும் பட்டியல்களைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு.

என்னை மிகவும் கவர்ந்தது அதன் குறிப்புத் தடம். ஒலி ஓடும் இடத்தில் நிறுத்தி, “பெரட்டுக்களம்”, “முதல் சம்பளம்”, “தோட்டத்துத் திருவிழா” என்று தமிழிலேயே தட்டச்சு செய்துவிடலாம். பிறகு அந்தக் குறிப்புகளை நேரத்தோடு சேர்த்து ஓர் உரைக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆறு மணி நேரப் பேச்சுக்கு இப்போது ஒரு பொருளடக்கம் இருக்கிறது.

2021இல் நடந்தது

ஒடாசிட்டியை 2021இல் மியூஸ் குரூப் என்ற நிறுவனம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பயன்பாட்டுத் தரவுகளைச் சேகரிக்கும் திட்டம் வந்தபோது பயனர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு வந்த தனியுரிமை அறிவிப்பு, 13 வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னது. சர்ச்சை இன்னும் பெரிதானது. நிறுவனம் அந்த அறிவிப்பைத் திருத்தி எழுதியது. அதற்குள் சிலர் அதே மூலநிரலை எடுத்து டெனாசிட்டி என்ற பெயரில் தனி மென்பொருளை உருவாக்கத் தொடங்கிவிட்டார்கள்.

திறந்த மூலத்தின் பலன் இந்தச் சம்பவத்தில் தெரிகிறது. உரிமையாளர் மாறினாலும், நமக்குப் பிடிக்காத முடிவை எடுத்தாலும், பயனர்களுக்கு வேறு வழி இருக்கிறது. “இலவசம்” என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் இவற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எவ்வளவு வெட்டலாம்?

மென்பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கடினமான கேள்வி வந்தது. இரைச்சலைக் குறைப்பது எளிது. யாரும் பேசாத சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்து இரைச்சலின் மாதிரியாகக் கொடுத்தால், ஒடாசிட்டி அதைப் பதிவு முழுவதிலிருந்தும் குறைக்கும். அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். அதனால் கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

மௌனத்தை என்ன செய்வது? மௌன இடைவெளிகளைத் தானாகவே சுருக்கும் வசதியும் அதில் உண்டு. படிவம் 5இல் படிக்கும் என் தம்பி, “அதைப் போட்டா ஒரு மணி நேரம் முக்கால் மணி நேரமாயிடும் அக்கா” என்றான். அவன் சொன்னது சரிதான். ஆனால், பாட்டி தன் தம்பி காய்ச்சலில் இறந்ததைச் சொல்லும் இடத்தில் பதினொரு விநாடி பேசவே இல்லை. கணினிக்கு அது வெற்றிடம். எங்களுக்கு அது அவர் சொன்னதில் ஒரு பகுதி. ஆகவே இரண்டு வடிவங்கள் வைத்திருக்கிறோம். மூலப்பதிவை யாரும் தொடுவதில்லை. புலனத்தில் அனுப்பும் சுருக்கத்தைத் தம்பி தயாரிக்கிறான்.

இன்னோர் இடத்தில், “இது வீட்டோட இருக்கட்டும்மா” என்றார் பாட்டி. அந்தப் பகுதியைக் குறிப்புத் தடத்தில் தனியாகக் குறித்திருக்கிறேன். அது சுருக்கத்தில் சேராது. எதைப் பகிரலாம் என்று பேசியவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த மென்பொருளும் அதை நமக்காகச் செய்யாது.

தொடங்க நினைப்போருக்கு

வேவ் வடிவில் பதிவு செய்யும் வசதி கைப்பேசியில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். எம்4ஏ வடிவில் பதிவானால், விண்டோஸ் கணினியில் ஒடாசிட்டி அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு இலவச மென்பொருள் தேவைப்படும். சிடி தரத்தில், ஒற்றைத் தடத்தில், ஒரு மணி நேர வேவ் கோப்பு ஏறத்தாழ 318 மெகாபைட் வரும். இடம் போதாவிட்டால் ஃபிளாக் வடிவில் சேமிக்கலாம். அதுவும் திறந்த வடிவம்தான். தரம் குறையாமல் கோப்பு சிறிதாகும். எம்பி3 வடிவத்தைப் பகிர்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒடாசிட்டியின் திட்டக் கோப்பை மட்டும் நம்பியிருக்காமல், வேவ் அல்லது ஃபிளாக் பிரதிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். மென்பொருளை அதற்கு முந்தின நாள் பதிவிறக்கினாலும் போதும். முதல் கேள்வி கடினமாக இருக்க வேண்டியதில்லை. “சின்ன வயசுல காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். என் பாட்டி அந்த ஒரு கேள்விக்கே நாற்பது நிமிடம் பதில் சொன்னார்.