ஒரு நாள் மலைப் பயணம்: ஏற்றமும் இறக்கமும்

கோவையிலிருந்து ஒரு குடும்பம் காரில் உதகைக்குப் புறப்படுகிறது. பாட்டி, அப்பா, அம்மா, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகன், பத்து மாதக் கைக்குழந்தை ஆகிய ஐவர். காலையில் ஏறி, மாலையில் இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது திட்டம். கோடை விடுமுறையில் எத்தனையோ குடும்பங்கள் செய்யும் பயணந்தான் இது. ஆனால் இந்த ஒரே நாளில் அவர்கள் காணும் ஒவ்வொரு சிறு விந்தைக்குப் பின்னும் ஓர் அறிவியல் உண்மை இருக்கிறது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். குன்னூர் வழியாகச் சென்றால் இடைப்பட்ட சாலை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அதாவது, இரண்டு மணி நேரத்தில் நாம் 1,900 மீட்டர் மேலே போய்விடுகிறோம்.

காதை அடைப்பது எது?

கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் மகன், "அப்பா, காது அடைக்கிறதே!" என்கிறான். சற்று நேரத்தில் அவன் சட்டைப் பையில் நீலக் கறை. பையிலிருந்த மைப்பேனா கசிந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம். தலைக்கு மேலுள்ள காற்றின் எடையே காற்றழுத்தம். மேலே போகப் போக, நமக்கு மேலிருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். பாதி காலியான பேனாவுக்குள் இருந்த காற்று, வெளியழுத்தம் குறைந்ததும் விரிந்து மையை வெளியே தள்ளியது. செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவியில் இருந்த காற்றும் அவ்வாறே விரிந்து பறையை வெளிப்புறமாகத் தள்ளியது.

நடுச்செவியைத் தொண்டையுடன் இணைக்கும் மெல்லிய குழல் ஒன்று உண்டு. எச்சிலை விழுங்கும்போதும், கொட்டாவி விடும்போதும் அது திறந்து, இருபுற அழுத்தத்தையும் சமமாக்குகிறது. மிட்டாய் சுவைப்பது உதவுவது இதனால்தான்.

கதிரவனை நெருங்கியும் குளிர் ஏன்?

"மேலே போனால் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம்? பிறகு ஏன் குளிருகிறது?" என்று மகன் கேட்கிறான். நல்ல கேள்வி. கதிரவன் இருப்பதோ சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில். அதில் இரண்டு கிலோமீட்டர் குறைவது ஒரு பொருட்டே அன்று. வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரை காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழும்போது, அழுத்தம் குறைந்த இடத்தில் விரிகிறது. விரியும் காற்று குளிரும். சைக்கிள் டயரின் காற்றைத் திறந்துவிட்டு விரலை வைத்துப் பாருங்கள், சில்லென்றிருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் சுமார் 12 டிகிரி வேறுபாடு இருப்பது இப்படித்தான்.

குளிர் என்பதற்காக வெயிலை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 விழுக்காடு வீதம் புறஊதாக் கதிர்கள் கூடுகின்றன. குளிரில் நின்றும் முகம் கறுத்துத் திரும்புவோர் பலர்.

பாட்டியின் மூச்சும் பருப்புக் குழம்பும்

2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் சில படிகள் ஏறியதுமே பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது. மலைக் காற்றிலும் ஆக்சிஜன் அதே 21 விழுக்காடுதான். ஆனால் காற்றே நெருக்கம் குறைந்திருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. உட்கார்ந்து இளைப்பாறினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே புறப்பட வேண்டும்.

சமையலறையையும் இந்த மெல்லிய காற்று விடுவதில்லை. உதகையில் நீர் ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ மூட்டினாலும் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. பருப்பு வேக நெடுநேரம் ஆகும். அங்கே குக்கர் ஆடம்பரம் அன்று, தேவை.

இறக்கமே சோதனை

மாலையில் எல்லோரும் களைத்திருக்கிறார்கள். "இறக்கம்தானே, நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்" என்று சொல்பவர்கள் உண்டு. இந்த எண்ணம் உயிருக்கே ஆபத்தானது.

ஆட்களுடன் 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் 1,900 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 2.8 கோடி ஜூல். சாதாரண நீர் 90 லிட்டரைக் கொதிக்க வைக்க இது போதும்! நியூட்ரலில் இறங்கினால், காற்றுத் தடையும் சக்கர உராய்வும் உறிஞ்சுவது போக, எஞ்சியதெல்லாம் பிரேக்கில் வெப்பமாகிறது. பிரேக் கட்டைகள் பிடிப்பை இழக்கும். ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவியோ அமுங்கிவிடும். மிதித்தால் பிரேக் கட்டை தரையைத் தொடும், வண்டி நிற்காது.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். முதல் அல்லது இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்; பிரேக் குளிர்ந்திருக்கும். இன்றைய பெட்ரோல் கார்களில், கியரில் இறங்கும்போது எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருள் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் வீணாக எரிபொருளைக் குடிக்கிறது!

1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய மலை ரயிலும் இதே சிக்கலைச் சந்தித்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பற்சட்டங்களைக் காணலாம். எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொள்கிறது. ஏறுவதற்கு மட்டுமல்ல, வழுக்காமல் இறங்கவும் அந்தப் பற்களே துணை.

இறங்கும்போது குழந்தை வீறிட்டு அழுவதையும் கவனியுங்கள். இப்போது வெளியழுத்தம் கூடுகிறது. செவிப்பறை உள்நோக்கி அமுங்குகிறது. நடுச்செவியிலிருந்து காற்று வெளியேறுவது எளிது; உள்ளே நுழைவதோ கடினம். சளி பிடித்திருந்தால் வலி மிகும். வண்டியை ஓரமாக நிறுத்திப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் குழல் திறக்கும், அழுகையும் நிற்கும்.

இரவு வீடு சேர்ந்ததும், உதகையில் இறுக மூடி எடுத்து வந்த காலித் தண்ணீர்ப் புட்டியை மகன் எடுத்துப் பார்க்கிறான். அது நசுங்கிக் கிடக்கிறது. அதற்குள் இருப்பது மலைக் காற்று. அதை அமுக்கியது நம் ஊர்க் காற்று. அடுத்த முறை நீங்களும் ஒரு புட்டியை மூடிக் கொண்டு வாருங்கள். வண்டி இறங்கும்போது எந்தக் கியரில் இருக்கிறது என்பதையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.