மரவேலைக்கு முந்திய வேலை

மரவேலை உளியெடுப்பதில் தொடங்குவதென்றே யாம் எண்ணியிருந்தோம். சென்ற கோடை விடுமுறையில் அவ்வெண்ணம் பொய்யாயிற்று. எம் நண்பரொருவர், தம் மூதாதையர் இல்லத்தைப் பிரித்தகாலைக் கிடைத்த தேக்குப் பலகைகளை, விடுதிப் படிப்பறைக்கு ஒரு புத்தக அலமாரி செய்தற்கென உதவினர். அவருடைய பாட்டியார் மணமாகி வந்த நாள்முதல் திறந்தடைத்த கதவின் பலகைகள் அவை. ஒன்று பழுதுபடின் மற்றொன்று வாங்கற்கில்லை.

அலமாரியின் புற அகலம் 36 அங்குலம். பக்கப் பலகைகள் ஒவ்வொன்றும் ஓரங்குலக் கனம். எஞ்சியது 34 எனக் கணக்கிட்டுத் தட்டுக்கள் நான்கினையும் அவ்வளவே அறுத்தோம். தட்டின் இரு முனைகளும் பக்கப் பலகைகளிற் கால் அங்குல ஆழக் காடிகளுள் நுழைந்து நிற்றல் வேண்டுமென்பதை மறந்தோம். வேண்டியது 34½. காடியின் வாயளவில் நின்றுவிட்ட தட்டுக்களைக் கண்டு ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினோம்.

அண்டையிலிருந்த முதிய தச்சர் எம்மைக் கடிந்திலர். மெல்லிய ரீப்பர் ஒன்றை எடுத்து, அலமாரியின் அகலம், பலகைக் கனம், காடியாழம் யாவற்றையும் உண்மை அளவிலேயே அதிற் குறித்துக் காட்டினர். இக்கோல் கையிலிருப்பின் கூட்டலும் கழித்தலும் வேண்டா. பலகைமேற் கிடத்திக் கீறினாற் போதும். ரம்பமும் தன் பங்கை உண்ணும் என்றார். ஒவ்வோர் அறுப்பிலும் ஏறத்தாழ அரைக்கால் அங்குலம் தூளாய்ப் போதலின், 6 அடிப் பலகையில் முழு 3 அடித் துண்டுகள் இரண்டு கிடையா.

மரமோ அறுத்தபின்னும் அசைவற்றிருப்பதன்று. ஈரம் ஏறின் அகலத்திற் பெருக்கும், இறங்கின் சுருங்கும், நீளத்தில் அம்மாற்றம் மிகச் சிறிது. ஆதலின் அகன்ற முதுகுப் பலகையைச் சட்டத்திற் பசையிட்டு இறுக்கினால் வேனிலில் வெடிக்கும். காடியில் சிறிது இடம்விட்டு நிறுத்தலே முறை. அவ்விடமும் வரைபடத்திலேயே காணப்படல் வேண்டும். பலகையைத் தேர்தலும் முன்னேற்பாட்டின் பாற்பட்டதே. உள்ளே வயிரமுடையவற்றை மரமென்றும் புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும் தொல்காப்பியர் பிரித்தனர். தேர்வுக்கென மனனஞ் செய்த அவ்வயிரத்தையும், தச்சர் ஒதுக்கும் வெளிற்றையும், யாம் கண்ணாற் கண்டது அன்றே.

தட்டின் நீளமும் எண்ணத்தக்கது. அதே கனமுள்ள தட்டு இருமடங்கு நீண்டு, முழுதும் நூல்களைத் தாங்கின், நடுத்தொய்வு 16 மடங்காகும். ஆதலின் நடுவே ஒரு தாங்கற் பலகையும் கோலிற் குறிக்கப்பட்டது.

குறுகிய தட்டுக்களை, அடியிற் சிறு சட்டங்கள் அறைந்து ஒருவாறு நிறுத்தினோம். பாட்டியார் வந்து பார்த்தனர். மூன்றாந் தட்டிற் பழைய தாழ்ப்பாளின் துளை இருந்தது. அதனை விரலாற் சற்றே தடவிவிட்டு, ஒன்றுஞ் சொல்லாது அமர்ந்தனர்.