கிளைட் ஆற்றில் இறங்கிய காவேரி

ஆடிப்பெருக்கு இதழுக்கு எழுதச் சொன்னால் மேட்டூர், கடைமடை, நடுவர் மன்றம் என்று பேனா தானாக ஓடும். இந்த முறை கடலில் ஓடிய காவேரி.

1943 ஜூன். வழக்கமாக மேட்டூரைத் திறக்கிற மாதம். அந்த மாதம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், கிளைட் ஆற்றில் ஒரு போர்க்கப்பலை இறக்கினார்கள். ராயல் இந்தியக் கடற்படைக்கான ஸ்லூப், பெயர் காவேரி. நீளம் ஏறத்தாழ 300 அடி, நான்கங்குலப் பீரங்கிகள் ஆறு, வேகம் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) அளவில். சரக்குக் கப்பல் கூட்டம் ஆமை வேகத்தில்தான் நகரும். அதற்குக் காவல் போக இது தாராளம்.

காவல் என்றால் முக்கியமாகக் காது. கப்பலின் அடிவயிற்றிலிருந்து ஆஸ்டிக் கருவி ஒலியை அனுப்பும். நீர்மூழ்கியில் பட்டால் எதிரொலி வரும். இடைவெளி குறையக் குறைய எதிரி நெருங்குகிறான் என்று அர்த்தம். ஆனால் நேர் மேலே போகும்போது எதிரொலி அறுந்துவிடும். அந்தக் கடைசி நொடிகளில் கணக்கை நம்பித்தான் டெப்த் சார்ஜை, அதாவது நீருக்கடியில் வெடிக்கும் குண்டை, உருட்டிவிட வேண்டும்.

இந்தக் காவல் நமக்கு ஏன் தேவைப்பட்டது? 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணமே தஞ்சாவூர் நெல்லைப் பார்த்து உட்கார்ந்தது. ஏப்ரலில் வங்கக் கடலில் ஜப்பானியர் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தார்கள், விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டார்கள். காவேரி பிறகு சேர்ந்தது இந்தப் பக்கக் கடலைக் காத்த பிரிட்டனின் கிழக்குக் கடற்படையில்தான்.

பிரிவினையில் கோதாவரி, நர்பதா என்ற ஸ்லூப்கள் பாகிஸ்தானுக்குப் போயின. காவேரி நம்மிடம் தங்கியது. 1961 டிசம்பரில் கோவாவை மீட்கப் போன அணியில் பேட்வா, பியாஸ் கப்பல்களோடு அதுவும் இருந்தது. 1970களின் பிற்பகுதியில் ஓய்வு.

என் ஆதங்கம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பேட்வா, பியாஸ் பெயர்களைப் புதிய போர்க்கப்பல்களுக்கு மறுபடி வைத்தார்கள். கோதாவரி, கங்கா, கோமதி, பிரம்மபுத்திரா வந்தன. அந்த வரிசையில் காவேரி இல்லை. டெல்டாக்காரர் ஒருவரும் ஏன் என்று கேட்டதாகத் தெரியவில்லை. நமக்குத் தண்ணீர்ச் சண்டைக்கே நேரம் போதவில்லை. வெள்ளைக்காரன் கட்டி, அவன் போருக்கு ஓட்டிய கப்பலைச் சோழநாடு ஏன் சொந்தம் கொண்டாட வேண்டும் என்பாரும் உண்டு. சொல்லட்டும். கோவாவுக்குப் போனது யார் போருக்காம்?

தஞ்சை அரண்மனையில் தரங்கம்பாடிக் கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது, 92 அடி. பள்ளிப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் இந்தக் கப்பலின் ஒரு புகைப்படமாவது மாட்டலாம். ஆணி அடிக்கச் சுவரா இல்லை?