பனித்தீவின் அடுப்படி – 7: தொட்டிக்குள் ஒரு தலைவர்

ஐஸ்லாந்துத் தயிரான ஸ்கீரைத் துணி மூட்டையில் கட்டித் தொங்கவிட்டதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். செய்முறையைத் தவறவிட்டவர்கள் அந்த இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

மூட்டைக்கு அடியில் ஒரு பாத்திரம் வைக்கச் சொல்லியிருந்தேன் அல்லவா? அதில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும் மஞ்சளும் பச்சையும் கலந்த தெளிநீரைப் பற்றித்தான் இந்த வாரம். அக்டோபர் மாதத்து ஸ்லௌதுர் என்ற ஆட்டு சாசேஜ் செய்வதைச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், மறக்கவில்லை. ஆனால் செய்ததை எதில் போட்டு வைப்பது என்று தெரியாமல் ஸ்லௌதுர் செய்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஐஸ்லாந்து வீட்டுக்காரிகள் பல நூறு ஆண்டுகளாக அதைப் போட்டு வைத்தது இந்தத் தெளிநீரில்தான்.

கணக்கைப் பாருங்கள். ஆடை நீக்கிய பால் 4 லிட்டர் எடுத்தால் கிடைக்கும் ஸ்கீர் ஏறத்தாழ ஒரு கிலோ. மீதியெல்லாம் தெளிநீர். ஒரு பண்ணை வீட்டில் கோடை முழுவதும் பால் கறந்து, தினமும் ஸ்கீர் வடித்தால் எவ்வளவு சேரும்! அன்றைக்குக் கறந்தது பெரும்பாலும் செம்மறி ஆட்டுப்பால். கோடையின் தொடக்கத்தில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து மலைக்கு ஓட்டிவிட்டு, இலையுதிர் காலம் வரை தாயாடுகளைக் கறப்பார்கள். முதலில் ஆடையை எடுத்து வெண்ணெய் கடைய வேண்டும். அந்த வெண்ணெயில் ஒரு பங்கு நிலத்தோடு சேர்த்துக் குத்தகைக்கு வாங்கிய மாடுகளுக்கு வாடகையாக நிலக்காரரிடம் போய்விடும். ஆடை போன பால் ஸ்கீர் ஆகும். ஸ்கீரிலிருந்து பிரிந்த நீர் குளிர்காலத்து இறைச்சியைக் காக்கும். நிலக்காரர் கை வைக்காமல் கடைசி வரை வீட்டிலேயே தங்கியது இந்த நீர்தான்.

ஏன் இத்தனை பாடு? உப்புப் போட்டு வைத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். சுற்றிலும் கடல் இருந்தும் அந்தத் தீவில் உப்பு அரிது. கடல்நீர் உப்பாக வேண்டுமானால் வெயில் காய்ச்ச வேண்டும், இல்லையென்றால் நெருப்புக் காய்ச்ச வேண்டும். அங்கே வெயிலுக்கு அந்த வலு கிடையாது. நெருப்புக்கோ விறகு கிடையாது. 870-களில் மக்கள் குடியேறத் தொடங்கியபோது தாழ்நிலங்களில் பரவியிருந்த பிர்ச் காடுகள் சில நூற்றாண்டுகளில் வெட்டியும் மேய்ந்தும் அழிந்தன. பிறகு அடுப்பில் எரிந்தது ஆட்டு எருவும், சதுப்பு நிலத்தில் வெட்டிய கரிமண்ணும், கடல் கொண்டுவந்து ஒதுக்கிய மரத்துண்டுகளும்தான். இதில் கஞ்சி காய்ச்சலாம். கடலைக் காய்ச்ச முடியுமா? கப்பலில் வரும் உப்பை நம்பலாம் என்றால், 1602 முதல் 1787 வரை வணிகம் முழுவதும் டென்மார்க் அரசின் ஏகபோகத்தில் இருந்தது. சாதாரணப் பண்ணைக்காரர் இறைச்சியில் வாரிப் போடும் பண்டமாக உப்பு இருக்கவில்லை. 1770-களில் மேற்கு ஃபியோர்துகளில் ரெய்க்யானெஸ் என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றின் சூட்டைக் கொண்டு உப்புக் காய்ச்சிப் பார்த்தார்கள். நல்ல யோசனை, நீடிக்கவில்லை.

ஆகவே மீனைக் காற்றில் காயவைத்தார்கள், உப்பே இல்லாமல். இறைச்சியில் கொஞ்சத்தை எருப்புகையில் கட்டினார்கள். மீதியைப் புளிப்பில் போட்டார்கள். நம் ஊறுகாய் ஜாடியில் உப்பு செய்யும் வேலையை அவர்கள் மரத்தொட்டியில் தெளிநீர் செய்தது.

செய்யும் விதம் எளிது. தெளிநீரில் பாலின் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. ஸ்கீருக்கு ஊற்றிய உறையில் இருந்த அதே நுண்ணுயிரிகள் அதைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கும். நாளாக ஆகப் புளிப்பு ஏறும். ஏறிய புளிப்பில் இறைச்சியை அழுகச் செய்யும் கிருமிகள் பெரும்பாலும் தலையெடுக்க முடியாது. ஓராண்டு ஈராண்டு ஊறிய நீர் நாக்கைக் கூசவைக்கும். அதை அப்படியே குடிக்க மாட்டார்கள். ஒரு பங்குக்கு 11 பங்கு தண்ணீர் விட்டுக் கலந்தால் அதுதான் வீட்டிலும் வயலிலும் தாகத்துக்கான பானம். துடுப்புப் படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஒரு சின்ன மரக்குடுவையில் அதை எடுத்துப் போவார்கள். பார்லி விளையாத ஊரில் பீர் ஏது?

எலும்பையும் இதில் போட்டார்கள் என்பதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மீன் எலும்பும் ஆட்டெலும்பும் பல மாதம் புளிப்பில் கிடந்தால் சுண்ணாம்பு கரைந்து மென்மையாகிவிடும். அதை வேகவைத்து மசித்துச் சாப்பிட்டார்கள். ஒரு விலங்கில் எறிய எதுவும் மிஞ்சாத சமையல் அது. அதன் பின்னால் இருக்கும் பசியையும், அந்தப் பசிக்கு ஈடுகொடுத்த பெண்களின் அறிவையும் நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்திக்கு வருகிறேன்.

1253 அக்டோபர். வட ஐஸ்லாந்தில் ஸ்காகாஃபியோர்துர் வட்டாரத்தில் ஃப்லுகுமீரி என்ற பண்ணை. அதன் உரிமையாளர் கிஸ்ஸுர் தோர்வால்ட்ஸன், நாட்டின் பெரிய தலைவர்களில் ஒருவர். ஐஸ்லாந்தின் பெரும் எழுத்தாளரான ஸ்னோர்ரி ஸ்டுர்லுசனை 1241-இல் ரெய்க்ஹோல்ட் வீட்டின் நிலவறையில் கொல்லச் செய்தவர் இவரே. இரு குடும்பங்களுக்கு இடையே இருந்த பகையைத் தீர்க்க ஒரு திருமணம் நிச்சயிக்கப்பட்டது. மாப்பிள்ளை கிஸ்ஸுரின் மூத்த மகன் ஹால்லுர். பெண் ஸ்னோர்ரியின் அண்ணன் மகனான ஸ்டுர்லா தோர்தர்சனின் மகள் இங்கிப்யோர்க், வயது 13. விருந்து முடிந்து, ஸ்டுர்லா உட்படப் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். சமாதானத்தை ஏற்காத எயோல்ஃபுர் என்பவர் ஆட்களோடு இரவில் வந்து வீட்டைச் சூழ்ந்தார். வீட்டைக் கைப்பற்ற முடியாமல் போனதும் தீ வைத்தார்.

கிஸ்ஸுர் கவசத்தைக் கழற்றிவிட்டு உக்கிராண அறைக்குப் போனார். அங்கே ஸ்கீர் நிறைந்த பெரிய தொட்டி ஒன்று தாங்குகட்டைகள்மேல் இருந்தது. அதன் அடியில் தரையில் பதித்த இன்னொரு தொட்டியில் புளித்த தெளிநீர். மேல் தொட்டி கீழ்த் தொட்டியை மறைத்தாலும் ஒரு ஆள் நுழைந்து இறங்க இடம் இருந்தது. மெல்லிய உள்ளாடையோடு அதில் இறங்கி உட்கார்ந்தார். நீர் மார்பு வரை வந்தது. வடக்கில் அக்டோபர் இரவுக் குளிரில், அந்த நீரில், அவர் உடம்பு நடுங்கிய நடுக்கத்தில் தொட்டிக்குள் நீர் சலசலத்தது. தேடி வந்தவர்கள் அறைக்குள் நுழைந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது.

வந்தவர்கள் மூன்று பேர். தொட்டிக்குள் ஈட்டியை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். கிஸ்ஸுர் கைகளை வயிற்றுக்கு முன்னால் பிடித்து, ஈட்டி முனையை மெல்ல ஒதுக்கிவிட்டார். கையிலும் காலிலும் சிராய்ப்புகள் மட்டும். உள்ளே ஏதோ இருக்கிறது என்றும் ஒன்றுமில்லை என்றும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. போய்விட்டார்கள். பிறகு அவர் வெளியேறித் தேவாலயத்துக்குப் போக, அங்கே அவருக்குச் சூடு ஏற்றினார்கள். மனைவி குரோவும் மூன்று மகன்களும் அந்த இரவில் மாண்டார்கள். சின்னஞ்சிறு மணப்பெண் பிழைத்தாள். அவளுடைய தந்தை ஸ்டுர்லாதான் பின்னாளில் இதையெல்லாம் எழுதி வைத்தார். தொட்டி எதன் மேல் நின்றது, நீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதுவரை அவர் எழுதியிருப்பதால்தான் 13-ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றின் உக்கிராண அறை இன்று நம் கண்முன் நிற்கிறது.

கிஸ்ஸுர் 1258-இல் நார்வே மன்னரிடமிருந்து ஜார்ல் பட்டம் பெற்றார். 1262-இல் ஐஸ்லாந்தியர் அந்த மன்னருக்கு அடங்கினார்கள். வரலாற்றுக்காரர்களுக்கு இதுதான் முக்கியம். எனக்கு அந்த மாதம் முக்கியமாகத் தெரிகிறது. அக்டோபர் என்றால் கோடைப்பால் முழுவதும் வடிந்து சேர்ந்திருக்கும்; ஆடு அறுக்கும் பருவமும் அதுதான். தொட்டி நிறைந்திருந்ததால்தான் ஒரு மனிதர் மார்பளவு மறைந்து உட்கார முடிந்தது. மார்ச்சில் வந்திருந்தால் குளிர்காலம் அதில் பாதியைக் காலி செய்திருக்கும்.

தெளிநீர் இன்னொரு தீயிலும் வருகிறது. நியால் சாகா என்ற பழைய ஐஸ்லாந்துக் கதையில் பெர்க்தோர்ஸ்க்வோல் வீட்டை எரிக்கும்போது பெண்கள் தெளிநீரைக் கொண்டுவந்து ஊற்றி அணைக்கப் பார்க்கிறார்கள். 1880-களில் அந்த இடத்தைத் தோண்டிய சிகுர்துர் விக்ஃபுஸ்ஸன் வெள்ளையான ஒரு பொருளைக் கண்டெடுத்தார். டென்மார்க்கின் வேதியியலாளர் ஸ்டோர்க் அதை ஆராய்ந்து, பாலிலிருந்து வந்த உணவின் மிச்சம் என்றார். சாகாவை அது மெய்ப்பிக்கிறதா என்பது வேறு விவாதம். அந்த மண்ணில் பால்பண்டம் கிடந்தது, எனக்கு அதுவே போதும். தெற்கே ஸ்டோங் என்ற பழைய வீட்டை 1939-இல் தோண்டியபோதும் பால் வைக்கும் அறையின் தரையில் பெரிய தொட்டிகள் அழுந்திய வட்டத் தடங்கள் கிடைத்தன.

இனி அடுப்படி. இன்று ஐஸ்லாந்தில் தெளிநீர் அட்டைப் பெட்டியில் கடையில் விற்கிறது. மீன் வேகவைக்கையில் வெள்ளை ஒயினுக்குப் பதிலாக அதை ஊற்றுவது பல வீடுகளில் பழக்கம். சுண்டக் காய்ச்சினால் பழுப்பு நிறத்தில் இனிப்பான பாலாடைக்கட்டி கிடைக்கும். குளிர்பதனப் பெட்டி வந்த பின் புளிப்பில் போடுவது குறைந்துவிட்டது. அப்படியும் அடியோடு நிற்கவில்லை. ஜனவரியின் பிற்பாதியில் தொடங்கும் பழைய மாதமான தோர்ரியில் புளித்த உணவுகளோடு விருந்து வைக்கிறார்கள். 1873-இல் கோபன்ஹேகனில் படித்த ஐஸ்லாந்து மாணவர்கள் தோர்ரி விருந்தைப் புதுப்பித்தார்கள். 1958-இல் ரெய்க்யாவிக்கின் நவுஸ்ட் உணவகம் அந்தப் பழைய உணவுகளை மரத்தட்டில் வைத்துப் பரிமாறத் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் காணும் தோர்ரித் தட்டு அதிலிருந்து வந்தது.

அந்தத் தட்டில் கிடாயின் விதையை மட்டும் படம் பிடித்து உலகம் முழுவதும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதே தட்டில் கொழுப்போடு புளித்த நெஞ்செலும்பு இருக்கிறது, தலைக்கறியை அழுத்திச் செய்த துண்டு இருக்கிறது. எல்லாவற்றையும்விட, புளித்த ஈரல் சாசேஜ் இருக்கிறது. ஓட்ஸ் கஞ்சியும் ஸ்கீரும் கலந்த கிண்ணத்தோடு அதை ஒரு துண்டு சேர்த்துக்கொள்வது அந்த நாட்டின் அன்றாடக் காலைச் சாப்பாடாக இருந்தது. வீட்டுச் சமையலை அறிய விரும்புகிறவர் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

புளிப்பில் போடும்போது கவனிக்க வேண்டியவை சில. நன்றாக வெந்ததைத்தான் போட வேண்டும். முழுக்க ஆறியிருக்க வேண்டும். துண்டு எதுவும் நீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது, தட்டு வைத்துக் கனம் ஏற்றுங்கள். குளிர்ச்சியில் வையுங்கள். சில நாள் கழித்துப் பாருங்கள். நீர் கலங்கிப் புளிப்புக் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாக நல்ல புளித்த நீர் விடுங்கள். வாடையில் சந்தேகம் வந்தால் முழுவதையும் எறிந்துவிடுங்கள், தயங்கவே வேண்டாம். அக்டோபரில் போட்டது தோர்ரிக்குப் பதமாக இருக்கும்.

ஸ்லௌதுருக்கு இடம் போதவில்லை. அது இரண்டு வகை: ஆட்டு ரத்தம், ரை மாவு, நறுக்கிய கொழுப்பு சேர்ந்தது ஒன்று; ரத்தத்துக்குப் பதில் அரைத்த ஈரல் சேர்ந்தது மற்றொன்று. இரண்டையும் ஆட்டின் இரைப்பையில் தைத்த பைகளில் அடைத்து, மூன்று மணி நேரம் போலக் கொதிக்கவைப்பார்கள். பையை முழுவதும் நிரப்பினால் கொதியில் வெடிக்கும். எவ்வளவு இடம் விடுவது, எங்கே ஊசியால் குத்துவது என்பதெல்லாம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் விஷயங்கள். குடும்பமே ஒரு நாள் சமையலறையில் கூடிவிடும். கறிக்கடையில் இரைப்பையைக் கழுவித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள், தடித்த பருத்தி நூலும் பெரிய ஊசியும் வேண்டும். தைப்பதிலிருந்து அடுத்த வாரம்.

(தொடரும்)