பதினைந்து நாள் வானம்

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். நூல் இருப்பைச் சரிபார்க்கையில், அங்கத்தினருக்குக் கொடுக்கப்பட்ட நூலில் ஒரு பகுதி சேலையாகத் திரும்பி வராதிருப்பது தெரிந்தது. காரணம் வினவினோம். காரியதரிசி பேசவில்லை. அருகிலிருந்த முதியவர் ஒருவர் எழுந்து நம்மைப் பாவடிக்கு அழைத்துச் சென்றார்.

பத்து நாட்களுக்கு மேல் வெயிலே காணாத இடம் அது. கஞ்சி தோய்த்த பாவுகள் காயாமல் கிடந்து, பூஞ்சணம் பிடித்து, கை வைத்தால் இழை இழையாய் அறுந்தன. வீடுகளில் குழித்தறிகளினுள் தண்ணீர் நின்றது. அந்த முதியவர் கூறியதாவது: “நாளைக்கு மழை என்று சொல்லுகிறார்கள், ஐயா. பருவம் முழுவதும் சராசரி மழை என்றும் சொல்லுகிறார்கள். பாவு கஞ்சியில் இறங்கின பிறகு நாளைக்கு மழை என்று தெரிந்து என்ன பயன்? நடுவிலே இருக்கிற பதினைந்து நாளைச் சொல்ல ஆள் இல்லையா?”

அன்று அதற்கு நம்மிடம் விடை இல்லை. நூல் சேதத்தை நட்டக் கணக்கில் எழுதிவிட்டுத் திரும்பினோம். ஆயினும் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. கல்லூரியில் கணிதம் பயின்றவர்கள் நாம். உத்தியோகத்திற்கு வந்த பின் வட்டிக் கணக்குக்கு மேல் அது உதவியதில்லை. இம்முறை அதனைக் கொஞ்சம் தூசி தட்டி, வானிலை ஆராய்ச்சி நூல்களைப் புரட்டலானோம். அறிந்தவற்றை அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பருவமழையை முன்கூட்டி அறியும் முயற்சி நம் நாட்டில் பழையது. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் அடிப்படையில் ஒரு கணித மேதை. (1913-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாயிருந்த இராமானுஜனின் கணக்குகளைக் கண்டு, அவருக்கு உதவித்தொகை அளிக்குமாறு சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதியவர் இவரே.) பசிபிக் மாகடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்துமாகடல் பக்கம் தாழ்வதும், அது உயர இது தாழ்வதுமாகிய ஓர் ஊசலாட்டத்தை உலகின் பல ஊர்களின் அளவுகளை ஒப்பிட்டு அவர் கண்டறிந்தார். தென் அலைவு என்று அதற்குப் பெயர். எல் நினோ எனப்படும் பசிபிக் கடற்சூட்டுக்கும் இவ்வலைவுக்கும் உள்ள உறவை 1969-இல் பியெர்க்னஸ் என்ற அறிஞர் விளக்கினார். இவையெல்லாம் ஆண்டுக் கணக்கில் நிகழும் மாறுதல்கள். முதியவர் கேட்டதோ வாரக் கணக்கு.

அந்த வாரக் கணக்கின் திறவுகோல் 1971-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிடைத்தது. ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்னும் இருவர், பசிபிக் நடுவே நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள கேன்டன் என்ற சின்னஞ்சிறு தீவில் பலூன் பறக்கவிட்டு எடுத்த ஏறத்தாழப் பத்தாண்டுக் காற்றளவுகளைக் கணிப்பொறியிலிட்டு ஆராய்ந்தனர். நாற்பது ஐம்பது நாட்களுக்கு ஒருமுறை காற்றும் அழுத்தமும் ஓர் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப மாறுவதை அவர்கள் கண்டார்கள். யாரும் எதிர்பாராத செய்தி அது. மறு ஆண்டே அது ஒரு தீவின் விசித்திரமன்று, பூமியைச் சுற்றி வரும் பேரலைவு என்று காட்டினர்.

மேடன்–ஜூலியன் அலைவு எனப்படும் இதன் போக்கு இவ்வாறு: இந்துமாகடலின் மேற்புறத்தே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள மேகக் கூட்டம் ஒன்று திரளும். விநாடிக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர், அதாவது சைக்கிளில் செல்லும் வேகத்தில், அது கிழக்கு நோக்கி நகரும். இந்தோனேசியத் தீவுகளைக் கடந்து பசிபிக்கினுள் புகும். குளிர்ந்த கடற்பரப்பை எட்டியதும் மேகம் கலையும். காற்றின் அசைவு மட்டும் மேற்கொண்டு பயணம் செய்யும். மழைக் கூட்டத்தின் முன்னும் பின்னும் வறண்ட வானம். 2004-இல் ஆஸ்திரேலிய வானிலை நிலையத்தைச் சேர்ந்த வீலரும் ஹெண்டனும் இந்தச் சுற்றை எட்டு நிலைகளாகப் பகுத்து நாள்தோறும் குறிக்க வழி செய்தனர். மேகக் கூட்டம் இந்துமாகடலில் இருக்கும் நிலைகளில் நமது வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வலுப்பெறுகிறது. பசிபிக்கிற்குச் சென்றபின் தளர்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இப்பருவத்தில் பெய்வது என்பதை நினைத்தால், பாவடியிலும் கரிசல் காட்டிலும் நேர்வதன் காரணம் ஓரளவு விளங்கும். எனினும் இவ்வலைவு கடிகாரமன்று. முப்பது நாளில் திரும்பும், அறுபதும் ஆகும். சில சமயம் தலைகாட்டாமலும் இருந்துவிடும்.

இனி, ஆராய்ச்சியாளரின் வேலைக்கு வருவோம். டாக்டர் பட்டம் பெற்றபின் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த ஊதியத்தில் அமர்ந்து ஒரே பிரச்சினையைக் குடைந்துகொண்டிருக்கும் இளைஞர்கள் உலகெங்கும் உண்டு. வெப்ப மண்டல வானிலையின் மாறுதல்களை ஆராய்வோரில் பலர் இவர்களே. மழையை இவர்கள் நேரே பார்ப்பது குறைவு. கணிப்பொறியினுள் ஒரு செயற்கைப் பூமியை அமைத்து, அதன் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம் இவற்றைச் சில நிமிட இடைவெளியில் பௌதிக விதிகளின்படி கணக்கிட்டுக்கொண்டே போவது இவர்கள் தொழில். காலநிலை மாதிரி என்பது இதுதான்.

இதில் ஒரு தொல்லை. கட்டத்தின் பக்கம் நூறு கிலோமீட்டர் என்றால், சில கிலோமீட்டர் அகலமேயுள்ள மழைமேகம் அதற்குள் தென்படாது. துணியை முழம் போட்டு அளக்கிறவனுக்கு இழையின் முறுக்கு தெரியாதது போல. ஆகையால் மேகத்திற்குப் பதிலாக ஒரு சூத்திரத்தை இட்டு நிரப்புகிறார்கள். பழைய மாதிரிகள் பலவற்றில் அச்சூத்திரம் அவசரக்குடுக்கையாயிருந்தது. சற்றே ஈரம் சேர்ந்தாலும் மழையாகக் கொட்டிவிடும். ஈரம் வாரக்கணக்கில் திரள இடமில்லை. எனவே அந்த மாதிரிகளில் மேடன்–ஜூலியன் அலைவு மிகப் பலவீனமாகவே தோன்றியது.

இளம் ஆராய்ச்சியாளர் இங்கேதான் கை வைக்கிறார். எழும் மேகம் பக்கத்து வறண்ட காற்றை அதிகமாக உள்ளிழுத்து எளிதில் சோர்ந்துபோகும்படி சூத்திரத்தை மாற்றுகிறார். அலைவு உயிர் பெறுகிறது! ஆனால் மகிழ்ச்சி நீடிப்பதில்லை. பல மாதிரிகளில் சராசரி மழை வேறோரிடத்தில் கெட்டுப்போகிறது. மற்றொரு சோதனையில் கடலின் வெப்பத்தை மாறாமல் நிறுத்திவைத்துப் பார்க்கிறார். கடலும் காற்றும் ஒன்றையொன்று பாதிக்க விட்டால் பொதுவாக அலைவு சிறப்பாக வருவதைக் காண்கிறார். ஒன்றை விலக்கி, ஒன்றைச் சேர்த்து, எதனால் எது நிகழ்கிறதென்று பார்க்கும் இந்தப் பொறுமை, நட்டத்தின் காரணம் தேடிப் பழைய வவுச்சர்களைப் புரட்டும் நமக்கு அந்நியமாகப் படவில்லை. இரண்டாண்டு உழைத்து, “இது காரணமன்று” என்ற ஒரு வரியோடு முடிகிற ஆராய்ச்சியும் உண்டு. அதுவும் வேலைதான்.

சூத்திரத்தையே தவிர்க்கும் முயற்சியும் நடந்தது. யோகோஹாமாவில் நிறுவிய மாபெரும் கணிப்பொறியில் ஜப்பானியர் ஏழு கிலோமீட்டர் கட்டங்களாலான உலக மாதிரியை இயக்கி, ஓர் உண்மையான அலைவின் நகர்ச்சியைக் கணிப்பொறியிலும் கண்டு 2007-இல் வெளியிட்டனர். 2011 அக்டோபர் முதல் பல நாட்டு விஞ்ஞானிகள் மாலத்தீவின் தென்கோடியிலுள்ள கான் தீவில் ராடாரும் பலூனும் கொண்டு முகாமிட்டு, மேகக் கூட்டம் பிறக்குமிடத்திலேயே அதனைக் காத்திருந்து அளந்தனர். நம் நாட்டிலோ 2002-ஆம் ஆண்டு ஒரு பாடமாயிற்று. இயல்பான மழை என்று முன்னறிவிப்பு. பெய்ததோ பத்தொன்பது சதவீதம் குறைவு. பழைய புள்ளிவிவர முறையை மட்டும் நம்பினால் போதாதென்ற கருத்து வலுத்தது. 2012-இல் தொடங்கிய பருவமழைத் திட்டத்தின்கீழ், புனே நகரிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் கடலும் காற்றும் இணைந்த மாதிரிகள் நம் பருவமழைக்கென்றே சீர்செய்யப்பட்டன. இன்று வானிலைத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான மழை நிலையை வெளியிடுகிறது. முதியவர் கேட்ட ஆள் இருக்கிறார், நமக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

ஆயினும் அந்த அறிக்கையை எப்படிப் படிப்பதென்று அறியாவிட்டால் அதனால் தீங்கே விளையும். தொடக்க அளவில் தசம புள்ளிக்குப் பின் நான்காவது இடத்தில் நேர்ந்த சிறு வேறுபாடு, நாட்செல்ல வானிலையையே வேறாக்கிவிடுவதை 1961-இல் எட்வர்ட் லொரென்ஸ் கண்டார். அதனால் மாதிரியை ஒருமுறை ஓட்டாமல், சற்றே வேறுபட்ட தொடக்கங்களோடு பலமுறை ஓட்டுகிறார்கள். பத்தில் ஆறு ஓட்டம் மிகுமழை காட்டினால், எஞ்சிய நான்கு காட்டவில்லை என்றும் பொருள். சிறந்த மாதிரிகள் இவ்வலைவின் போக்கை மூன்று நான்கு வாரம் முன்னதாகச் சொல்லவல்லவை. ஆனால் உங்கள் ஊர்த் தெருவில் எந்தச் செவ்வாய்க்கிழமை தூறும் என்பதை அவை சொல்லமாட்டா.

கார்த்திகையில் மறுபடியும் அந்தச் சங்கத்திற்குச் சென்றோம். வியாழக்கிழமை அறிக்கையைக் காரியதரிசி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார். பத்தில் ஆறு என்பதன் பொருளை முதியவருக்கு விளக்க முற்பட்டோம். அவர் பாதியிலேயே கையமர்த்தி, “புரிகிறது, ஐயா. ஆறு பாவையும் ஒன்றாகத் தோய்க்க வேண்டாம் என்கிறீர்கள்” என்றார். அந்த வாரம் இரண்டு பாவு தோய்த்தார். மூன்று நாள் மழை பிடித்தது. ஒன்று கெட்டது, ஒன்று தப்பியது. மற்ற நான்கின் நூலும் பெட்டியில் உலர்ந்தபடியே இருந்தது.