ரஞ்சன்குடியை நீக்கினால் செஞ்சியும் போகும்

கோட்டைகள், கோயில்கள், ஊர்கள் பற்றிய குறிப்புகளைத் தேடித் தரும் ஒரு தளத்தை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேடல் வேலையைச் செய்வது எலாஸ்டிக்சர்ச். பலர் பலமுறை ஏற்றியதில் ரஞ்சன்குடி இரட்டைப் பதிவாகிவிட்டது. ஒன்றில் ரஞ்சன்குடி, இன்னொன்றில் ரஞ்சங்குடி. மாவட்டக் குழப்பம் வேறு. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மறுபடி தனி மாவட்டமானது. இடைப்பட்ட ஆண்டுகளின் பட்டியல்களிலிருந்து ஏற்றிய பதிவுகளில் கங்கைகொண்ட சோழபுரம் இன்னும் பெரம்பலூர் மாவட்டத்தில்தான் இருக்கும். இவற்றையெல்லாம் மொத்தமாகக் கழிக்க வேண்டும்.

வழி இரண்டு. நீக்க வேண்டிய பதிவுகளின் ஐடி கையில் இருந்தால் பல்க் கோரிக்கை. ஐடி தெரியாது, நிபந்தனை மட்டும் தெரியும் என்றால் ‘டெலீட் பை குவெரி’.

பல்க் முறையில் ஒரு பதிவுக்கு ஒரு வரி. எந்த இன்டெக்ஸ், எந்த ஐடி, செயல் டெலீட்: அவ்வளவுதான். புதிதாக ஏற்றும்போது அடுத்த வரியில் பதிவின் உள்ளடக்கம் வரும்; நீக்கும்போது அது கிடையாது. பைத்தான் லைப்ரரியில் இதற்கென ஒரு துணைச் செயல்கூறு உண்டு. ஐடிகளை வரிசையாகக் கொடுத்தால், தானே 500 500ஆகப் பிரித்து அனுப்பும். கவனிக்க வேண்டியது பதிலை. கோரிக்கை மொத்தத்துக்கும் 200 என்று வெற்றிக் குறி வந்தாலும், உள்ளே சில வரிகள் தோற்றிருக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் தனி முடிவு உண்டு. அதைத்தான் படிக்க வேண்டும். இல்லாத ஐடியை நீக்கச் சொன்னால் அந்த வரிக்கு 404 வரும். பைத்தான் துணைச் செயல்கூறு இதையும் பிழையாகவே எடுத்துக்கொண்டு, நீங்கள் வேறாகச் சொல்லாதவரை, வேலையை அங்கேயே நிறுத்திவிடும். நீக்கப் போன பதிவு ஏற்கெனவே இல்லையென்றால் நமக்கு நல்லதுதானே? அதனால் 404ஐ மட்டும் பொறுத்துக்கொண்டு, மற்றப் பிழைகளில் நிற்கும்படி எழுதுவது நல்லது.

நிபந்தனை கொடுத்து நீக்குவதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. தலைப்பில் ‘ரஞ்சன்குடி கோட்டை’ என்று பொருந்துவதையெல்லாம் நீக்கு என்று ‘மேட்ச்’ வகைக் கேள்வியைக் கொடுக்கிறீர்கள். அது இந்த இரண்டு சொற்களையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். வேறு சொல்லாவிட்டால், இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும் என்று முடிவு செய்யும். செஞ்சிக் கோட்டை, வேலூர்க் கோட்டை, திருமயம் கோட்டை எல்லாமே போய்விடும். தேடும்போது இந்தத் தாராளம் வசதிதான்: பொருத்தமானது மேலே வரும், மற்றவை கீழே தள்ளப்படும். நீக்கும்போது மேல் கீழ் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், இத்தனையையும் அழித்துவிட்டு, அழிக்க வேண்டியதை அது விட்டும்விடலாம். தமிழுக்கென்று தனி ஏற்பாடு செய்யாத இன்டெக்ஸில், ‘ரஞ்சன்குடிக் கோட்டையின் வரலாறு’ என்ற தலைப்பு அப்படியே ரஞ்சன்குடிக், கோட்டையின், வரலாறு என்று மூன்று சொற்களாகப் பதிவாகும். ஒற்று மிகுந்த ‘ரஞ்சன்குடிக்’ வேறு, ‘ரஞ்சன்குடி’ வேறு. உருபு ஏறிய ‘கோட்டையின்’ வேறு, ‘கோட்டை’ வேறு. இலக்கணம் தெரிந்து ஒழுங்காக எழுதிய பதிவு தப்பித்துக்கொள்ளும்!

எனவே நீக்குவதற்கு, சொற்களாக உடைக்காமல் முழு மதிப்பையும் அப்படியே ஒப்பிடும் ‘கீவேர்ட்’ புலத்தைப் பயன்படுத்துங்கள். மாவட்டம், பதிவேற்றிய தொகுதி எண், தேதி போன்றவை இதற்கு ஏற்றவை. அதிலும், மாவட்டம் பெரம்பலூர் என்று மட்டும் கொடுத்தால் கங்கைகொண்ட சோழபுரத்தின் பழைய பதிவோடு, முறையாகப் பெரம்பலூரிலேயே இருக்கும் ரஞ்சன்குடியும் போகும். தொகுதி எண்ணையும் சேர்த்தே கேட்க வேண்டும். அதே நிபந்தனையை முதலில் எண்ணிக்கை கேட்கும் கோரிக்கையாக ஓட்டிப் பாருங்கள். நாற்பது எதிர்பார்த்த இடத்தில் நாலாயிரம் வந்தால் கையை எடுத்துவிடலாம்.

இன்னொன்று. ‘டெலீட் பை குவெரி’, தொடங்கும் கணத்தில் இன்டெக்ஸ் இருந்த நிலையை வைத்துக்கொண்டே நடக்கும். நடுவில் வேறு யாராவது ஒரு பதிவைத் திருத்தினால் மோதல் என்று சொல்லி நின்றுவிடும். அதுவரை நீக்கியவை திரும்பி வராது; பாதியில் விட்டதை ரத்துசெய்யும் வசதி இதில் இல்லை. மோதல் வந்தாலும் தொடரச் சொல்லலாம், ஆனால் மோதிய பதிவுகள் நீங்காமல் தங்கிவிடும்.

எல்லாம் முடிந்த பின்னும் டிஸ்கில் பிடித்த இடம் உடனே குறையவில்லையே என்று பலர் திகைப்பார்கள். எலாஸ்டிக்சர்ச்சின் அடித்தளமான லூசீன், ஒருமுறை எழுதிய துண்டுக் கோப்பை மாற்றுவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரின் குறுக்கே ‘நீக்கம்’ என்று முத்திரை குத்துவது போல, பதிவு நீங்கியது என்று குறித்து மட்டும் வைக்கும். பின்னால் துண்டுகளை இணைத்துப் புதிதாக எழுதும்போதுதான் அது உண்மையில் மறையும். அந்த இணைப்பைக் கட்டாயப்படுத்தவும் முடியும். எழுதிக்கொண்டே இருக்கும் இன்டெக்ஸில் அதைச் செய்யாமலிருப்பதே மேல்.

இன்டெக்ஸில் பாதிக்கு மேல் கழிக்க வேண்டியிருந்தால், நீக்கும் வேலையையே விட்டுவிடுங்கள். வேண்டியவற்றை மட்டும் புதிய இன்டெக்ஸுக்கு எடுத்துச் சென்று, தளம் பயன்படுத்தும் மாற்றுப்பெயரை அதன் பக்கம் திருப்பி, சரிபார்த்த பிறகு பழையதை முழுவதுமாக அகற்றலாம். முழு இன்டெக்ஸை அகற்றுவது நொடி வேலை. ஏதாவது விடுபட்டது தெரிந்தாலும், அகற்றும்வரை பழையது அங்கேயே இருக்கும்.