அந்த எண்ணைக் கண்டுபிடித்தது யார்?

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நிற்கிறீர்கள். அடுத்த கதவில் எண் பூட்டு, எண் தெரியாது. திடீரென்று அச்சு அசலாக உங்களைப் போலவே ஒருவர் வந்து, ஓர் எண்ணை அவசரமாகச் சொல்லிவிட்டு மறைகிறார். அதைப் போட்டதும் பூட்டு திறக்கிறது. உள்ளே தேடினால், காலத்தில் பின்னோக்கிப் போகும் ‘கோல்மாக்’ மந்திரம் கிடைக்கிறது. உச்சரித்ததும் சற்று முந்தைய நேரத்துக்குப் போய், பழைய அறைக்குத் திரும்புகிறீர்கள். எதிரே திகைத்து நிற்பவரும் நீங்கள்தான். எண்ணைச் சொல்ல வேண்டிய முறை இப்போது உங்களுடையது. சொல்லாவிட்டால் உங்கள் கடந்த காலமே பொய்த்துப்போகும், ஆட்டம் முடிந்துவிடும்.

அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக ஸ்டீவ் மெரெட்ஸ்கி எழுதிய ‘சோர்சரர்’ (1984) விளையாட்டில் வரும் புதிர் இது. படமே கிடையாது. திரையில் வரும் வரிகளைப் படித்து, செய்ய வேண்டியதைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

இந்தப் புதிரில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு. மூத்தவர் சொல்லி இளையவருக்கு எண் தெரிந்தது. அந்த இளையவர்தான் பிறகு மூத்தவர் ஆகிறார். அப்படியானால் எண்ணைக் கண்டுபிடித்தது யார்? கதைக்குள் யாருமே இல்லை! கதைக்கு வெளியே, கணினிதான் அதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது.

இயற்பியலாளர்களையும் இத்தகைய கேள்விகள் வாட்டின. 1949-இல் தர்க்கவியலாளர் குர்ட் கோடெல், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குள்ளேயே கடந்த காலத்துக்குத் திரும்பும் பாதைகள் இருக்க முடியும் என்று காட்டினார். காலவெளியின் குறுக்குவழியான புழுத்துளை வழியே காலப்பயணம் சாத்தியமா என்று 1988-இல் இயற்பியலாளர் கிப் தோர்னும் சகாக்களும் ஆராய்ந்த பிறகு, இன்னொரு இயற்பியலாளரான ஜோசப் போல்சின்ஸ்கி ஒரு சிக்கலை எழுப்பினார். புழுத்துளைக்குள் போகும் பில்லியர்ட்ஸ் பந்து, சற்று முன்னதாகவே வெளியே வந்து, தன்னையே மோதித் தள்ளி, உள்ளே போகவிடாமல் செய்தால்? கணக்கிட்டுப் பார்த்தபோது முரணில்லாத விடையும் கிடைத்தது. வெளியே வரும் பந்து லேசாக உரசுகிறது. உரசப்பட்ட பந்து சற்றே விலகி உள்ளே போகிறது. விலகிப் போனதால்தான் வெளியே வரும்போது லேசாக உரசுகிறது. தன்னோடு தானே முரண்படாத நிகழ்வுகளை மட்டுமே இயற்கை அனுமதிக்கும் என்பது ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவின் கொள்கை. சோர்சரர் விதிப்பதும் இதைத்தான்.

ஆனால் முரணில்லாமல் இருப்பதே போதுமா? போதாது என்றார் இயற்பியலாளர் டேவிட் டாய்ச். யாரும் சிந்திக்காமல், யாரும் உழைக்காமல் அறிவு தானாக முளைப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. 2008-இல் ஸ்காட் ஆரன்சனும் ஜான் வாட்ரஸும் இதைக் கணினி அறிவியலின் கணக்காக்கினார்கள். காலச் சுழலுக்குள் கணினி ஓடினால், இன்றைய கணினிகளைத் திணறடிக்கும் பல கணக்குகளுக்கு எளிதில் விடை வந்துவிடும். சரியான விடையைத் தேடும் வேலையை இயற்கையே செய்து கொடுத்துவிடும்.

விளையாட்டில் அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதை ‘ஆல் திங்ஸ் டிவவர்ஸ்’ (2004) என்ற இன்னொரு எழுத்து விளையாட்டு காட்டுகிறது. ஆய்வுக்கூடத்தில் இருக்கும் கால இயந்திரத்தை அழிக்க வேண்டும். அதற்கு அந்த இயந்திரத்திலேயே பயணிக்கவும் வேண்டும். சோர்சரரில் சந்திப்பு நடக்கும் இடமும் பேச்சும் முன்பே எழுதி வைக்கப்பட்டவை. இதிலோ நீங்கள் செய்ததையெல்லாம் நிரல் நினைவில் வைத்துக்கொண்டு, உங்கள் முந்தைய உருவை அதே வழியில் மறுபடி நடக்க விடுகிறது. அது முன்பு பார்த்த எதையும் நீங்கள் மாற்றக் கூடாது. திறந்து கிடந்த கதவு திறந்தே கிடக்க வேண்டும்.

எழுத்து விளையாட்டுக்கு இது வாகாக அமைகிறது. கதவு, சாவி, விளக்கு என ஒவ்வொன்றின் நிலையும் கணினியில் துல்லியமாகப் பதிந்திருப்பதால் முரணைக் கண்டுபிடிப்பது எளிது. அதைத் தவிர்க்கும் வழியைத் தேடுவதுதான் கடினம். மாட்டிக்கொள்வீர்கள், தொடக்கத்துக்குப் போவீர்கள், நொடிக் கணக்கைக் காகிதத்தில் எழுதி மறுபடி நுழைவீர்கள். கடைசியில் வெற்றிபெறும் கதையில் அந்தத் தோல்விகளில் ஒன்றுகூட இருக்காது. அந்தக் கதையின் நாயகருக்கு எல்லாம் முதல் முயற்சியிலேயே சரியாக நடந்துவிடுகிறது. எப்படி என்று அவரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. காகிதம் உங்கள் மேசையில் இருக்கிறது.